டிக்கெட் கதவு மூடிக்கொண்டது: ஜப்பானில் எட்டு நாள்

நாள் 1: தோக்கியோ, அசாகுசா

இரவு பதினொன்றரை. பையன் தூங்கிவிட்டான். சென்னையில் கிளம்பி, சிங்கப்பூரில் விமானம் மாறி, ஹனேடாவில் இறங்கியது வரை எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. முதல் தவறு, ரயிலை விட்டு இறங்கி வெளியே வரும் இடத்தில். அதை எழுதிவிட்டுப் படுத்தால்தான் தூக்கம் வரும்.

விமான நிலையத்தில் ஒரு எந்திரத்தில் இரண்டு டிக்கெட் எடுத்தோம். ஏதோ ஒரு தொகையை அழுத்தினேன், டிக்கெட் வந்தது, அதுவே சரி என்று நினைத்துக்கொண்டேன். இங்கே ஒரு கம்பெனியின் ரயில் இன்னொரு கம்பெனியின் தண்டவாளத்தில் நிற்காமல் அப்படியே போகும். நான் எடுத்த டிக்கெட் முதல் கம்பெனியின் எல்லை வரைக்கும்தான். அசாகுசாவில் இறங்கி டிக்கெட்டை எந்திரத்தின் வாயில் விட்டதும் மணி அடித்தது. இரண்டு சிறிய கதவுகள் என் இடுப்புக்கு நேராக மூடிக்கொண்டன. பின்னால் அலுவலகம் விட்டு வந்த கூட்டம். யாரும் உச்சுக்கொட்டவில்லை, முறைக்கவில்லை. பக்கத்து வாசலுக்கு நகர்ந்து போய்க்கொண்டே இருந்தார்கள். எனக்கு மட்டும் காது இரண்டும் சுட்டது.

நான் ஈரோடு ரயில்வே காலனியில் வளர்ந்தவள். டிக்கெட்டுக்கு மேல் ஒரு ஸ்டேஷன் பயணம் செய்தாலும் அது குற்றம் என்று ரத்தத்தில் ஊறியிருக்கிறது. நம் ஊரில் டிக்கெட் பரிசோதகர் பிடித்தால் கட்டணத்தோடு குறைந்தது 250 ரூபாய் அபராதம். பணத்தைவிட, பிளாட்பாரத்தில் நிறுத்தி வைத்து எழுதுகிற அந்தச் சில நிமிடம்தான் பெரிய தண்டனை. அந்தப் பயத்தோடு ஓரத்தில் இருந்த கண்ணாடி ஜன்னலுக்குப் போனேன். உள்ளே இருந்தவர் டிக்கெட்டைப் பார்த்தார், கால்குலேட்டரில் ஒரு எண்ணைத் தட்டி என் பக்கம் திருப்பினார். நான் கொடுத்த சில்லறையை எண்ணி எடுத்துக்கொண்டு கதவைத் திறந்துவிட்டார். அவ்வளவுதான்.

வெளியே வந்த பிறகுதான் பார்த்தேன். உள்பக்கமே, வாசலுக்கு இரண்டடி முன்னால், குறைந்த கட்டணத்தைச் சரிசெய்துகொள்ள ஒரு எந்திரம் நிற்கிறது. பயணிகள் தப்பாக டிக்கெட் எடுப்பார்கள் என்று முன்கூட்டியே எதிர்பார்த்து வைத்திருக்கிறார்கள். நான் கோயம்புத்தூரில் ஒரு பம்பு கம்பெனியில் தரக்கட்டுப்பாடு பார்ப்பவள். இப்படி ஒரு பொருளைப் பார்த்தால் எனக்கு மனசு நிறைந்துவிடும்.

பையனுக்குப் பதினேழு வயது. பிளஸ் டூ தேர்வு முடிந்து மதிப்பெண்ணும் வந்தாயிற்று. இந்தப் பயணம் அதற்காகத்தான். கதவு மூடியபோது அவன் பத்தடி தள்ளிப் போய், யாரோ ஒரு பயணி மாதிரி, சுவரில் இருந்த வரைபடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். வெளியே வந்ததும், "எல்லாரும் பார்த்தாங்கம்மா" என்றான்.

நாள் 2: தோக்கியோ

சென்சோஜி கோயில், சுமிதா ஆறு, அரிசி அப்பளம் விற்கும் கடைத்தெரு. படங்களைத் தனியாகப் போடுகிறேன். சொல்ல வேண்டியது வேறு.

ஒரு பெரிய கடையின் கழிப்பறை. அகலமான அறை, சுவரில் வரிசையாகப் பொத்தான்கள், எல்லாவற்றுக்கும் கீழே ஜப்பானிய எழுத்து. தண்ணீர் விடுவதற்கு எது என்று தேடினேன். எல்லாவற்றிலும் பெரிதாக, சிவப்பாக, கைக்கு எட்டும் இடத்தில் ஒன்று இருந்தது. அதை அழுத்தினேன். எங்கேயோ மணி அலறியது. அரை நிமிடத்தில் கதவைத் தட்டும் சத்தம், இரண்டு பெண்களின் குரல், "தாய்ஜோபு தெசு கா?" அந்த ஒரு வாக்கியம் எனக்குத் தெரியும்: நலமாக இருக்கிறீர்களா? நான் அழுத்தியது, உள்ளே யாராவது மயங்கி விழுந்தால் ஆள் கூப்பிடுகிற பொத்தான்.

கதவைத் திறந்தபோது என் கை நடுங்கியது. "சுமிமாசென், சுமிமாசென்" என்று நான் குனிய, அவர்களும் குனிந்து என்னிடம் மன்னிப்புக் கேட்டார்கள். ஒருவர் உள்ளே வந்து, தண்ணீர் விடும் பொத்தானை விரலால் காட்டிவிட்டுப் போனார். என் உடம்புக்கு ஒன்றுமில்லை என்று தெரிந்ததில் அவர் முகத்தில் இருந்த நிம்மதி உண்மையானது. வெளியே பையன் கழுத்து வரை சிவந்து நின்றான்.

மாலையில் அறைக்கு வந்து இதைப் பற்றித் தேடிப் படித்தேன். வெளிநாட்டவர் பலருக்கும் இதே குழப்பம்தான். ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு குறி வைத்திருந்ததால், 2017 ஜனவரியில் கழிப்பறைக் கருவி தயாரிப்பாளர் சங்கம் கூடி, மூடியைத் திறப்பது முதல் தண்ணீர் விடுவது வரை 8 செயல்களுக்குப் பொதுவான குறிகளை முடிவு செய்தது. அடுத்து வர இருந்த ஒலிம்பிக்கை மனதில் வைத்துச் செய்தது. நான் போன இடத்தில் இருந்தது அதற்கு முந்தைய பழைய பலகையாக இருக்க வேண்டும். பத்துப் பேர் ஒரே பொத்தானைத் தப்பாக அழுத்தினால் பொத்தானைத்தான் மாற்ற வேண்டும். எங்கள் தொழிலில் முதல் பாடம் இது. தெரிந்த பாடம்தான், ஆனால் கதவுக்கு வெளியே மணி அலறும்போது அது நினைவுக்கு வரவில்லை. "இத்தனை வயசாகி இதுகூடத் தெரியலையே" என்பதுதான் வந்தது.

நாள் 3: தோக்கியோ, ரயில்கள்

இன்று எங்கும் போகவில்லை, ரயிலில் மட்டுமே போனோம். அதுவே எனக்குப் போதுமானதாக இருந்தது.

இங்கே பல ரயில்களில் முதல் பெட்டியின் முன்பக்கம் போய் நின்றால், கண்ணாடி வழியாக ஓட்டுநரின் அறை முழுக்கத் தெரியும். வெள்ளைக் கையுறை. எதிரே பலகையில் ஒரு பாக்கெட் கடிகாரம் பதிந்து கிடக்கிறது. பக்கத்தில் நேர அட்டவணை. கிளம்பும் முன் அவர் வலது கையை நீட்டி, ஒற்றை விரலால் முன்னால் எரியும் விளக்கைச் சுட்டி, சத்தமாகச் சொன்னார்: "ஷுப்பாட்சு, ஷிங்கோ!" அவரைத் தவிர அறையில் யாரும் இல்லை. அடுத்த சிக்னலுக்கும் கை நீண்டது, குரல் வந்தது. பிறகு அட்டவணையில் விரல், கடிகாரத்தில் விரல். கடைசிப் பெட்டியில் கார்டும் அப்படியே. பிளாட்பாரத்தில் நிற்கும் ஊழியரும் ரயிலின் நீளத்துக்குக் கையை ஓட்டிக் காட்டி ஏதோ சொல்லிக்கொள்கிறார்.

நான் அந்தக் கண்ணாடியில் நெற்றியை வைத்தபடி மூன்று ஸ்டேஷன் நின்றேன். கண் நிறைந்துவிட்டது.

என் அப்பா ஈரோட்டில் சரக்கு ரயில் ஓட்டியவர். உதவி ஓட்டுநராகச் சேர்ந்து, ஓட்டுநராக ஓய்வு பெற்றார். நம் எஞ்சினிலும் இந்த வழக்கம் உண்டு. சிக்னல் தெரிந்ததும் ஒருவர் சத்தமாகச் சொல்ல வேண்டும், மற்றவர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். "ஸ்டார்டர் கிரீன்." "ஸ்டார்டர் கிரீன்." ஷுப்பாட்சு என்றால் புறப்பாட்டு சிக்னல், ஷிங்கோ என்றால் போகலாம். வார்த்தைக்கு வார்த்தை அப்பா சொன்னதுதான்.

அப்பா இந்தப் பழக்கத்தை வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார். குடும்பமாக எங்கே கிளம்பினாலும் வாசலில் நின்று ஒவ்வொன்றாகக் கை நீட்டுவார். "கேஸ் ஆஃப். மோட்டார் ஆஃப். கொல்லைக் கதவு தாழ். பூட்டு..." பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்து, "பூட்டியாச்சு." தெருவுக்கே கேட்கும். எதிர் வரிசைப் பிள்ளைகள் அதை அப்படியே செய்து காட்டுவார்கள். எனக்குப் பன்னிரண்டு வயது இருக்கும். அப்பா பூட்டை எடுக்கும்போதே நான் விறுவிறுவென்று நடந்து தெருமுனைக்குப் போய்விடுவேன். பின்னால் அவர் குரல் தொடர்ந்து வந்துகொண்டே இருக்கும். பூட்டிய பிறகும் ஏதோ சொல்வார். நான் திரும்பிப் பார்த்ததே இல்லை.

இதற்கு இங்கே ஷிசா கான்கோ என்று பெயர். சுட்டிச் சொல்லுதல் என்று வைத்துக்கொள்ளலாம். நூறாண்டுக்கு மேற்பட்ட பழக்கம். நீராவி எஞ்சின் காலத்தில் கோபேயில் ஒரு ஓட்டுநருக்குப் பார்வை மங்கத் தொடங்கியதாம். சிக்னலைத் தப்பாகப் பார்த்துவிடுவோமோ என்று, தன் கண்ணுக்குத் தெரிந்ததைச் சத்தமாகச் சொல்லி, கரி போடுபவரைச் சரிபார்க்கச் சொன்னாராம். அப்படித்தான் தொடங்கியது என்று ஒரு கதை சொல்கிறார்கள். அது எவ்வளவு தூரம் உண்மையோ, எனக்கு அந்த மனிதரை மிகவும் பிடித்துவிட்டது. கண் மங்குவதை மறைக்கத்தான் எவருக்கும் முதலில் தோன்றும்.

1994இல் ஜப்பானிய ரயில்வே ஆய்வு நிறுவனம் இதைச் சோதித்துப் பார்த்தது. சாதாரண வேலை ஒன்றைக் கொடுத்து, சும்மா செய்தவர்களையும், சுட்டிச் சொல்லிச் செய்தவர்களையும் ஒப்பிட்டார்கள். சுட்டிச் சொன்னபோது தவறுகள் ஏறக்குறைய 85 சதவீதம் குறைந்தன. கண், கை, வாய், காது நான்கும் ஒரே பொருளின் மேல் இருப்பதால் மனம் வேறெங்கும் போக முடிவதில்லை. 1996 முதல் நியூயார்க் சுரங்க ரயிலிலும் இதன் ஒரு வடிவம் இருக்கிறது. ஸ்டேஷனில் ரயில் நின்றதும் கார்டு ஜன்னல் வழியாக, பிளாட்பாரத்தின் நடுவில் தொங்கும் கறுப்பு வெள்ளைக் கோட்டுப் பலகையைச் சுட்டிக்காட்ட வேண்டும். சுட்டிய பிறகுதான் கதவு திறக்கும். மற்ற நாடுகளில் இந்த முறை பெரிதாகப் பரவாததற்கு நிபுணர்கள் சொல்லும் காரணம் என்ன தெரியுமா? தனியாகக் கை நீட்டிப் பேசிக்கொள்ள ஊழியர்கள் கூச்சப்படுகிறார்கள்.

பையன் அந்த ஓட்டுநரை ஒரு நிமிடம் வீடியோ எடுத்தான். "தாத்தாவுக்கு அனுப்பட்டுமா?" என்று கேட்டான். அனுப்பச் சொன்னேன். இன்னும் பார்க்கவில்லை போலிருக்கிறது, நீலக்குறி வரவில்லை.

நாள் 4: நகோயா

நோசோமி என்ற அதிவேக ரயிலில் தோக்கியோவிலிருந்து நகோயா ஏறக்குறைய ஒரு மணி நாற்பது நிமிடம். சுற்றுலாப் பயணிகள் பெரும்பாலும் இறங்காத ஊர். டொயோட்டா நிறுவனத்தின் தொழில் அருங்காட்சியகத்துக்காகவே இறங்கினேன். பழைய நூற்பாலை இருந்த இடம், செங்கல் கட்டடம். டொயோட்டா கார் செய்வதற்கு முன் தறி செய்தவர்கள் என்பது பையனுக்குப் புதிய செய்தி.

சாகிச்சி டொயோடா 1924இல் முடித்த ஜி வகைத் தானியங்கித் தறியைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். நெடுக்கே ஓடும் பாவு நூல் ஒன்று அறுந்தாலும் தறி தானாக நின்றுவிடும். குறுக்கே ஓடும் ஊடை நூல் தீர்ந்தால், அதைக் கொண்டுபோகும் நாடா தானாக மாறும். சோமனூரில் என் பெரியம்மா வீட்டில் விசைத்தறி உண்டு. நூல் அறுந்தது தெரியாமல் ஓடினால் துணி முழுக்கக் கோடு விழும், கூலியில் பிடிப்பார்கள். பெரியம்மா தறிகளுக்கு நடுவே கண்ணை எடுக்காமல் நடந்துகொண்டே இருப்பார். தப்பு நடந்தால் அது பார்த்துக்கொண்டிருந்த ஆளின் தப்பு. இங்கே ஒருவர் அறுந்த நூலைக் கண்டுபிடிக்கும் வேலையை ஒரு மெல்லிய உலோகத் தகட்டிடம் கொடுத்துவிட்டார். ஒவ்வொரு நூலிலும் ஒரு தகடு தொங்குகிறது. நூல் அறுந்தால் தகடு கீழே விழும், தறி நிற்கும்.

எங்கள் தொழிற்சாலைச் சுவரில் ஒரு பலகை இருக்கிறது: போக்கா யோக்கே. கோவையிலும் ஓசூரிலும் ஆலையில் வேலை பார்க்கிற எல்லோருக்கும் இந்த வார்த்தை தெரியும். கைத்தவறு நடக்க முடியாதபடி வேலையை அமைப்பது என்று பொருள். இதை உலகுக்குச் சொன்ன ஷிகேயோ ஷிங்கோ முதலில் வைத்த பெயர் வேறு: பாக்கா யோக்கே. பாக்கா என்றால் முட்டாள். 1961இல் ஒரு மின்கருவி ஆலையில் சின்ன சுவிட்சுக்குள் இரண்டு ஸ்பிரிங் வைக்க வேண்டும், ஆட்கள் சில சமயம் மறந்துவிடுவார்கள். வேலையைத் தொடங்கும் முன் இரண்டு ஸ்பிரிங்கையும் ஒரு தட்டில் எடுத்து வைக்கச் சொன்னார் ஷிங்கோ. முடிந்தபின் தட்டில் ஒன்று மிச்சமிருந்தால் மறந்தது உடனே தெரிந்துவிடும். அவ்வளவு எளிய யோசனை. இரண்டு ஆண்டு கழித்து, 1963இல், ஒரு கார் பாடி ஆலையில் "முட்டாள் தடுப்பு" வைத்திருக்கிறோம் என்று மேலாளர் சொன்னதும் அங்கே வேலை செய்த ஒரு பெண் அழுதுவிட்டார். நான் அவ்வளவு முட்டாளா என்று. அதைக் கேட்ட பிறகுதான் ஷிங்கோ பாக்காவை எடுத்துவிட்டு போக்கா என்று மாற்றினார். கோ, ஷோகி ஆட்டங்களில் அசந்துபோய் வைக்கிற தப்பான காய் நகர்வுக்குச் சொல்லும் வார்த்தை அது. நல்ல ஆட்டக்காரரும் வைப்பார்.

பயிற்சி வகுப்புகளில் புதியவர்களுக்கு நான் தட்டையும் ஸ்பிரிங்கையும் சொல்வேன். அந்தப் பெண் அழுததைச் சொன்னதில்லை. இனிமேல் சொல்ல வேண்டும்.

சொல்லாததற்குக் காரணம் இருக்கிறது. 2013இல் நான் அந்தக் கம்பெனியில் சேர்ந்து நான்கு மாதம். நீர்மூழ்கி மோட்டாருக்குள் தண்ணீர் இறங்காமல் இருக்கப் போடும் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் ஒரு புதுப் பெட்டியிலிருந்து வந்தது. கையில் எடுத்தபோது வழக்கத்தைவிடக் கொஞ்சம் மெலிசாகத் தோன்றியது. அளந்து பார்த்திருக்கலாம், கேட்டிருக்கலாம். சுற்றிலும் பதினைந்து இருபது வருடம் வேலை பார்த்தவர்கள், அவர்களுக்குத் தெரியாததா நமக்குத் தெரியப்போகிறது, கேட்டால் "இதுகூடத் தெரியாதா" என்று ஆகிவிடுமே என்று பேசாமல் இருந்துவிட்டேன். 180 மோட்டார் வெளியே போனது. கோடையில் ஒவ்வொன்றாகத் தண்ணீர் இறங்கித் திரும்பி வந்தது. உடுமலைப் பக்கத்து விவசாயி ஒருவர் மோட்டாரை டெம்போவில் போட்டுக்கொண்டு நேரே கேட்டுக்கே வந்துவிட்டார். யாரையும் திட்டவில்லை. "பதினொரு நாளாச்சுங்க, தென்னை காயுது" என்று மட்டும் சொன்னார். அந்தக் குரல் இன்னும் காதில் இருக்கிறது.

டொயோட்டா ஆலைகளில் ஆட்களின் தலைக்கு மேல் ஒரு கயிறு ஓடும். ஏதாவது சரியில்லை என்று தோன்றினால் யாரும் இழுக்கலாம். விளக்கு எரியும், குழுத் தலைவர் ஓடிவருவார், தீர்க்க முடியாவிட்டால் வரிசையே நிற்கும். எங்கள் ஆலையிலும் அப்படி ஒன்று வைத்தோம். முதல் ஆறு மாதம் அதை ஒருவர்கூட இழுக்கவில்லை. கோளாறே இல்லை என்று நிர்வாகம் நினைத்தது. எனக்குத் தெரியும், கோளாறு இருந்தது. கயிற்றை இழுத்துவிட்டு ஒன்றுமில்லை என்று ஆகிவிட்டால் என்ன செய்வது என்று எல்லோருக்கும் பயம். நேற்று முன்தினம் அந்த இரண்டு பெண்களும் கதவைத் தட்டிவிட்டுக் குனிந்து மன்னிப்புக் கேட்டார்களே, அப்படி யாராவது ஓடிவருவார்கள் என்று நம்பிக்கை இருந்தால் இழுத்திருப்பார்கள்.

ஓ-ரிங் கதையைத் தறியின் முன்னாலேயே பையனிடம் சொன்னேன். இதுவரை வீட்டில் யாரிடமும் சொன்னதில்லை. அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "அந்த விவசாயிக்கு வேற மோட்டார் குடுத்தீங்களா?" என்று கேட்டான். அன்றைக்கே கொடுத்தோம் என்றேன்.

நாள் 5: கியோட்டோ

மழை. பேருந்தில் முன் வாசலில் ஏறப்போனேன், ஓட்டுநர் கையால் பின்பக்கம் காட்டினார். இங்கே பின்னால் ஏறி முன்னால் இறங்க வேண்டும், இறங்கும்போதுதான் 230 யென் கட்டணம். ஹெய்யான் கோயிலின் பெரிய சிவப்பு வாசலுக்கு முன்னால் குடையோடு ஒரு படம் எடுத்துக்கொண்டோம். மற்றபடி நனைந்த சாக்ஸ்தான்.

பயணத்தில் படும் வெட்கத்தை வழியிலேயே உதறிவிட்டு வரலாம் என்று ஜப்பானியரிடம் ஒரு பழமொழி உண்டு. தெரியாத ஊர், யார் பார்க்கப்போகிறார்கள் என்று அர்த்தம். எனக்கு அது ஒப்பவில்லை. தெரியாத ஊரில்தான் எனக்கு அதிகமாகக் கூசுகிறது. உதறிவிட்டு வரச் சொல்வதைவிட அவர்களுடைய இன்னொரு பழமொழி மேல்: கேட்டால் ஒரு நொடி வெட்கம், கேட்காவிட்டால் ஆயுள் முழுக்க வெட்கம். இதை 2013இல் யாராவது எனக்குச் சொல்லியிருக்கலாம்.

நாள் 6: ஒசாகா வழியாகக் கோயாசான்

தோக்கியோவில் நகரும் படிக்கட்டில் இடப்பக்கம் நிற்க வேண்டும், வலப்பக்கம் நடப்பவர்களுக்கு. நான்கு நாளில் கால் பழகிவிட்டது. ஒசாகாவில் அது அப்படியே தலைகீழ். நம்பா ஸ்டேஷனில் நான் மட்டும் இடப்பக்கம் பெட்டியோடு நிற்க, பின்னால் ஆட்கள் தேங்கிவிட்டார்கள். "சுமிமாசென்" என்று சொல்லி நகர்ந்தேன். முதல் நாள் அளவுக்குக் காது சுடவில்லை. உண்மையில் நடப்பதே ஆபத்து என்று இப்போது சட்டமே வந்திருக்கிறது. சைத்தாமா மாகாணத்தில் 2021 அக்டோபர் முதல், நகோயாவில் 2023 அக்டோபர் முதல், எல்லோரும் இரண்டு பக்கமும் அசையாமல் நிற்க வேண்டும். ஆக எந்தப் பக்கம் சரி என்று இங்கே பிறந்தவர்களுக்கே ஊருக்கு ஊர் மாறுகிறது.

நம்பாவிலிருந்து மலையடிவாரம் வரை ரயில், அங்கிருந்து செங்குத்தாக ஏறும் கேபிள் வண்டி. 800 மீட்டர் உயரத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட கோயில்கள் உள்ள ஊர் கோயாசான். துறவி கூக்காய் 816இல் அரசனிடம் அனுமதி பெற்று நிறுவியது. ஏறக்குறைய ஐம்பது கோயில்களில் பயணிகள் தங்கலாம். சாப்பாடு முழுக்கச் சைவம், வெங்காயம் பூண்டுகூடக் கிடையாது. ஆறு நாளாக மீன் கலக்காத குழம்பு தேடி அலைந்த எனக்கு இது வீட்டுக்கு வந்த மாதிரி.

இப்போது செருப்பு விஷயம். வாசலில் நம் செருப்பைக் கழற்றிவிட்டு, பழுப்பு நிறச் செருப்பு மாட்டிக்கொண்டு மரத் தாழ்வாரத்தில் நடக்க வேண்டும். பாய் விரித்த அறைக்குள் அதையும் கழற்ற வேண்டும். கழிப்பறைக்குள் நுழையும்போது பழுப்பை வெளியே விட்டுவிட்டு அங்கே உள்ள பிளாஸ்டிக் செருப்பை மாட்ட வேண்டும், வரும்போது மறுபடி மாற்ற வேண்டும். பையன் அதை மறந்துவிட்டான். கழிப்பறைச் செருப்போடு சாப்பாட்டுக் கூடம் வரை வந்து, வாசலில் இருந்த பழுப்பு வரிசையில் அந்த நீலத்தைக் கழற்றிவிட்டு உள்ளே உட்கார்ந்துவிட்டான். பாதிச் சாப்பாட்டில் கதவு திறந்தபோது அவனுக்கே கண்ணில் பட்டது. கையில் இருந்த குச்சி அப்படியே நின்றது. எதிர் வரிசையில் வயதான தம்பதி, ஒரு பிரெஞ்சுக் குடும்பம். "அம்மா, எல்லாரும் பார்த்திருப்பாங்க" என்றான், உதடு அசையாமல்.

எனக்கு அந்த முகம் நன்றாகத் தெரியும். ஈரோட்டுத் தெருமுனையில் நின்ற முகம் அது. நான் என்ன சொன்னாலும் அவனுக்கு அந்த நேரத்தில் உதவாது. "சாப்பிடு கண்ணா, சேர்ந்தே போவோம்" என்றேன்.

வெளியே வந்தபோது நீலச் செருப்பைக் காணவில்லை. அந்த இடத்தில் ஒரு ஜோடி பழுப்புச் செருப்பு, முனை வெளியே பார்த்தபடி, அவன் கால் நுழைவதற்குத் தோதாக வைக்கப்பட்டிருந்தது. பரிமாறிய இளம் துறவி தாழ்வாரக் கோடியில் தட்டு அடுக்கிக்கொண்டிருந்தார். எங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை.

விளக்கணைத்துப் பாயில் படுத்த பிறகு பையன் போனில் எதையோ படித்துவிட்டுச் சொன்னான். "அம்மா, நேத்து மழையில பார்த்தோமே சிவப்பு வாசல், அது பழைய அரண்மனை ஓதென்மோன் வாசலோட நகலாம். அசல் வாசலுக்குப் பேர்ப்பலகை எழுதினது இந்தக் கூக்காய்தானாம். ஜப்பான்லயே பெரிய எழுத்துக் கலைஞர். பலகையை மேலே மாட்டினப்புறம் பார்த்தா முதல் எழுத்துல ஒரு புள்ளி விட்டுப்போச்சாம்."

"அப்புறம்?"

"தூரிகையை மையில தோய்ச்சுக் கீழேருந்து வீசினாராம். சரியா அந்த இடத்துல புள்ளி விழுந்துதாம். கோபோவும் தூரிகையில் தவறுவார்னு இங்க பழமொழியே இருக்காம். கோபோன்னா அவர்தான், இறந்தப்புறம் குடுத்த பட்டம்."

ஆனைக்கும் அடி சறுக்கும் என்று சொல்லிக்கொண்டேன். இருட்டில் அவன் சிரிக்கிற சத்தம் கேட்டது.

நாள் 7: கோயாசான்

விடியற்காலை பூஜை, தூபம், மந்திர ஓசை. அப்புறம் ஒக்குனோயின் கல்லறைக் காடு. சுகி என்ற ஊசியிலை மரங்களுக்கு நடுவே 2 கிலோமீட்டர் பாதை, இருபுறமும் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட நினைவுக் கற்கள். பல கற்களில் சித்தம் எழுத்து, இந்தியாவிலிருந்து சீனா வழியாக வந்தது. ஜப்பானிய எழுத்து வரிசை அ, இ, உ, எ, ஒ என்றும் க, ச, த, ந என்றும் நம் அரிச்சுவடி மாதிரியே போவதற்கு, துறவிகள் அந்த எழுத்தைப் படித்ததுதான் காரணம். கூக்காய் 835இல் இங்கே தியானத்தில் அமர்ந்தார், இன்னும் அமர்ந்திருக்கிறார் என்று நம்புகிறார்கள். காலை 6 மணிக்கும் 10.30க்கும் துறவிகள் அவருக்குச் சாப்பாடு எடுத்துப் போகிறார்கள். பாலத்துக்கு அப்பால் படம் எடுக்கக்கூடாது. பலகையைப் பார்க்காமல் நான் போனை உயர்த்தினேன். பையன் என் பக்கத்திலேயே நின்றிருந்தான். கையைப் பிடித்து மெதுவாக இறக்கிவிட்டு, "பலகைம்மா" என்றான்.

நாள் 8: கன்சாய் விமான நிலையம்

விமானத்துக்கு இரண்டு மணி நேரம் இருக்கிறது. அப்பா இப்போதுதான் வீடியோவைப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டார். நாலு நாளாகப் போனில் இணையம் இல்லையாம்.

"கையுறை வெள்ளை வெளேர்னு இருக்கே பாப்பா. எங்களுக்கு டீசல் கறைதான்." அப்புறம் சிக்னல் தூண் எவ்வளவு இடைவெளி, வண்டி எத்தனை பெட்டி, ஒற்றை ஆளாகவா ஓட்டுகிறார் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். ஷுப்பாட்சு ஷிங்கோவுக்கு அர்த்தம் சொன்னேன். "ஸ்டார்டர் கிரீன்" என்று உடனே திருப்பிச் சொன்னார், ரொம்ப நாள் கழித்து ஒரு பதில் சிக்னல் கிடைத்த மாதிரி. எண்பது வயதாகப் போகிறது, குரல் அந்த இடத்தில் மட்டும் இளசாகிவிட்டது.

சொல்லிவிடுவது என்று கோயாசானிலேயே முடிவு செய்திருந்தேன்.

"அப்பா, சின்ன வயசுல நீங்க பூட்டைத் தொட்டுச் சொல்லும்போதெல்லாம் நான் முன்னாடி ஓடிப்போயிருவேன். எனக்கு வெக்கமா இருக்கும். உங்களுக்குத் தெரியுங்களா?"

"தெரியாம என்ன கண்ணு."

"பூட்டினப்புறமும் என்னமோ சொல்லிட்டே வருவீங்க. நான் திரும்பிப் பார்த்ததே இல்லை. என்னப்பா சொல்வீங்க?"

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது.

"உன்னைத்தான் கை காட்டிச் சொல்வேன். பாப்பா முன்னால போறா. ரோடு கிளியர்."